முதுகில் இரட்டைக் குழாய், மணிக்கட்டில் கம்ப்யூட்டர்: இதுவா பழைய முறை?

பழைய_இரும்பு:
நேற்று இங்கே ஒருவர் போட்ட படத்தைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. முதுகில் சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும், 1960களின் ராயல் அக்வா மாஸ்டர் என்ற இரட்டைக் குழாய் ரெகுலேட்டர், மணிக்கட்டில் கலர் திரை மின்னும் டைவ் கம்ப்யூட்டர். அதற்கு "அசல் பழைய முறை டைவிங்" என்று தலைப்பு வேறு. எது அசல்? அந்தக் காலத்தில் சிலிண்டரில் ஜே வால்வு என்ற சேமக் காற்று வால்வு இருந்தது. காற்று குறைந்தால் மூச்சு இறுகும். கையைப் பின்னால் விட்டுக் கம்பியை இழுத்தால் சுமார் 300 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மிச்சம் வைத்த சேமக் காற்று திறக்கும், மேலே வந்துவிடலாம். கம்பி இருக்கும்போது கம்ப்யூட்டர் எதற்கு?

நீர்க்காகம்:
படம் போட்டது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கம்ப்யூட்டர் என் காற்றை அளக்கவில்லை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து, மூச்சுக் காற்றிலிருந்து உடம்பில் ஏறும், அளவு மீறினால் ஆபத்தான நைட்ரஜனைக் கணக்குப் போடுகிறது. முதுகில் இருப்பது எந்த வருடத்து ரெகுலேட்டர் என்று அதற்குத் தெரியவே வேண்டாம்.

பழைய_இரும்பு:
கேட்டதற்கு இது பதில் இல்லை. கம்பி இருந்ததா, இல்லையா? 72 கன அடி இரும்பு சிலிண்டர் ஒன்றோடு 60 அடியில் சுற்றினால் அரை மணி நேரம் தாங்கும். நைட்ரஜன் மீறாமல் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை அந்த ஆழத்துக்கு 60 நிமிடம் கொடுத்தது. அட்டவணை முடியுமுன் சிலிண்டர் முடிந்துவிடும். கம்பிதான் அலாரம். எங்கள் தலைமுறை அப்படித்தான் உயிரோடு திரும்பி வந்தது.

ஊற்றுக்கண்:
ஐயா, அது அன்றைய முதல் டைவுக்குப் பொருந்தும். மதியம் இரண்டாவது சிலிண்டரை மாட்டும்போது, காலையில் ஏறிய நைட்ரஜன் இன்னும் உடம்பில் மிச்சம் இருக்கும். அதைக் கம்பி சொல்லுமா? இன்னொன்று, அன்று நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் மேலே வரச் சொன்னார்கள். 1990களில் அமெரிக்கக் கடற்படையே அதைப் பாதியாக்கியது. வேகம் மீறினால் கம்ப்யூட்டர் கத்தும்.

பழைய_இரும்பு:
சின்னக் குமிழியைப் பார்த்துக்கொண்டே, அதை முந்தாமல் வரவேண்டும். கத்துகிற கருவி வேண்டாம். கம்பியைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை.

நீர்க்காகம்:
சரி, பேசுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு புளோரிடாவில், ஜின்னி ஸ்பிரிங்ஸ் ஊற்றில். கண்ணாடி போன்ற தண்ணீர். இரட்டைக் குழாயில் குமிழிகள் தலைக்குப் பின்னால் போவதால் மீன்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றன. அந்தச் சுகத்துக்காகத்தான் இதை மாட்டுகிறேன். திடீரென்று மூச்சு இறுகியது. கையைப் பின்னால் விட்டேன். கம்பி ஏற்கெனவே கீழே இருந்தது. மரக்கிளையில் உரசியபோது இறங்கியிருக்கிறது, சேமக் காற்றையும் குடித்து முடித்திருக்கிறேன். கூட வந்தவர் தன் மாற்று வாய்க்குழாயை நீட்டியதால் பிழைத்தேன்.

பழைய_இரும்பு:
நடுநடுவே தொட்டுப் பார்க்க வேண்டும். காற்று நிரப்பும்போது கீழே, தண்ணீரில் இறங்கும்போது மேலே. முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். இது உங்கள் தவறு, கம்பி மேல் தவறு இல்லை. உங்கள் கம்ப்யூட்டர் அன்று எச்சரித்ததா?

நீர்க்காகம்:
காற்றை அளப்பது அதன் வேலையே இல்லை என்று எத்தனை தடவை சொல்வது?

பழைய_இரும்பு:
அப்படியென்றால் கம்பிதானே வேண்டும்!

குறடு:
இடையில் ஒரு விஷயம். அசல் ராயலில், சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கருவியை மாட்ட வேண்டிய உயர் அழுத்தத் துளையே கிடையாது. கம்ப்யூட்டருக்கு அழுத்தம் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை நேராகத் திருக முடியாது. வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே ஒரு வளையத் துண்டு வைக்கவேண்டும். இல்லையென்றால் ரெகுலேட்டரின் உடலை எடுத்துவிட்டு, துளையோடு புதிதாகச் செய்த பீனிக்ஸ் என்ற உடலை மாட்டவேண்டும். எனக்குப் பிடித்த வழி, அதில் டிரான்ஸ்மிட்டருக்குப் பதில் அழுத்தம் காட்டும் சாதாரண முள் மீட்டர் ஒன்று.

பழைய_இரும்பு:
உடலை மாற்றிவிட்டு அதற்கு ராயல் என்று பெயரா? பிரெஞ்சு மூழ்காளர் கூஸ்தோ செய்து கொடுத்த கருவியை இப்படி வெட்டி ஒட்டாதீர்கள்.

குறடு:
கூஸ்தோ தனியாகச் செய்யவில்லை. எமில் கான்யான் என்ற பொறியாளர், போர்க்காலத்தில் பெட்ரோல் இல்லாமல் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காக வைத்திருந்த வால்வைத்தான் இருவரும் சேர்ந்து 1943இல் தண்ணீருக்குள் கொண்டுபோனார்கள். அதாவது, பிறந்த அன்றே அது கலப்படம்.

பழைய_இரும்பு:
வரலாற்று வகுப்பு எடுக்க வந்துவிட்டார். போன வருடம் இவரிடம் வாங்கிய மூச்சுக் குழாயில் மடிப்புக்கு மடிப்பு வெடிப்பு. அதைப் பற்றி எழுதட்டும்.

குறடு:
வெயிலில் தொங்கவிட்டால் எந்த ரப்பரும் வெடிக்கும். நான் கொடுத்தபோது வாளித் தண்ணீரில் ஊதிக் காட்டினேன், ஒரு குமிழி வரவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். நீங்கள்தான் குழாயை அனுப்பவில்லை.

ஊற்றுக்கண்:
குழாய்ச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐயா, இரண்டாவது டைவ் பற்றிய கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

பழைய_இரும்பு:
என் கேள்விக்கு வந்ததா? கம்பி இருந்தால் கம்ப்யூட்டர் எதற்கு? நீர்க்காகம், சனிக்கிழமை நானும் ஊற்றுக்கு வருகிறேன். உங்கள் கம்பி மேலே இருக்கிறதா என்று நானே தொட்டுப் பார்க்கிறேன். மணிக்கட்டில் இருப்பதைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

நீர்க்காகம்:
வாருங்கள். கழற்ற மாட்டேன்.