ரோயிங் மெஷின் கார்டியோவா, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியா?

கேள்வி:
வீட்டில் ரோயிங் மெஷின் வாங்கி மூன்று மாதம் ஆகிறது, உட்கார்ந்தபடி படகு வலிப்பது போல இழுப்போமே, அதுதான். சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று சொன்ன டாக்டர், வாரம் 150 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சி (கார்டியோ என்கிறார்களே, அது), அது போக இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று எழுதிக் கொடுத்தார். மெஷினில் 1 முதல் 8 வரை ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. 8இல் வைத்து 20 நிமிடம் இழுக்கிறேன், தொடை, முதுகு, கை எல்லாம் கடுக்கிறது. அப்படியென்றால் இரண்டு கணக்கும் இதிலேயே முடிந்ததுதானே?

பதில் 1:
முடியாதுங்க. நிமிடத்துக்கு எத்தனை தடவை இழுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 24 என்று வைத்தாலும் 20 நிமிடத்தில் 480. நிற்காமல் 480 தடவை இழுக்க முடிகிற பாரம் தசைக்குப் பெரிய பாரமே இல்லை. வலுப் பயிற்சி என்றால் 8, 12, மிஞ்சினால் 30 தடவைக்குள் இனி ஒன்றுகூட முடியாது என்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும், அப்புறம் ஓய்வு, மறுபடி அதே. வாரம் போகப்போக பாரமும் கூட வேண்டும், உங்கள் மெஷினில் 8க்கு மேல் போக வழியில்லை.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அவ்வளவு கறாராக வேண்டாம். பல வருடம் உடம்பை அசைக்காமல் இருந்தவருக்கு முதல் சில மாதம் இதிலேயே கால் வலுக்கும். எனக்கு வலுத்தது, மாடிப்படி ஏறும்போது தெரிந்தது, அதன் பிறகு அப்படியே நின்றுவிட்டது. இன்னொன்று, இதில் இழுக்கும்போது மட்டும்தான் பாரம், திரும்பி முன்னால் வரும்போது ஒன்றுமில்லை. டம்பெல்லை இறக்கும்போதும் தசை தாங்கிக்கொண்டேதான் இறக்கும், அந்தப் பாதி இதில் கிடைக்காது. கையால் தள்ளும் வேலையும் இல்லை, நெஞ்சு சும்மாதான் இருக்கும். முதலில் 8இல் வைப்பதை விடுங்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். 4இல் வைத்து, பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அந்த 150 நிமிடத்துக்கு அது போதும்.

கேட்டவர்:
அப்போ ட்ரெட்மில், சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதேதானா? டம்பெல் வாங்க இப்போது கையில் காசில்லை.

பதில் 1:
இதேதான். எடைத் தட்டுகளைக் கம்பியில் இழுக்கும் ஹோம் ஜிம் மட்டும் வேறு, அது வலுப் பயிற்சிக் கணக்கில் வரும். காசெல்லாம் வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்குமே, பாதி நிரப்பினால் 10 கிலோ. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள், சுலபமானதும் இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். கைக்கு, முதலில் சுவரில் ஊன்றித் தள்ளுங்கள், பிறகு மேஜை, பிறகு தரையில் தண்டால். சாப்பிட்ட சர்க்கரை போய்ச் சேரும் பெரிய கிடங்கே தசைதான், உங்களுக்கு இது அவசியம்.

கேட்டவர்:
இன்று கேனில் 8 லிட்டர் ஊற்றிச் செய்தேன். பதினொன்றாவது தடவை நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. மூன்று மாதத்தில் ரோயிங்கில் ஒரு நாள்கூட இப்படி நின்றதில்லை.