லீக் தொடங்க ஆறு கிழமை: 7 பேர் ஆட்டம் ஆடிப் பழகின ரீமை 11 பேர் ஆட்டத்துக்கு எப்பிடித் தயார்ப்படுத்திறது?

சோளகக்காத்து எழுதியது:

எங்கட ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு லீக் தொடங்க இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு. இந்த முறை அரையிறுதிக்காவது போகவேணும் எண்டது ஊரின்ர ஆசை. போகலாம் எண்டது என்ர கணிப்பு. அதுக்கு ஏத்த ஆக்கள் இருக்கினம். எங்கட இடது விங்கரை (கரையால ஓடுற முன்களக்காரன்) ஒருத்தனா நிண்டு மறிக்கிறது கஷ்டம். 20 வயதுக்குட்பட்ட பள்ளிக்கூட அணியிலயிருந்து வாற புது சென்ரர் பக் (நடுப் பின்களக்காரன்) நல்ல உயரம், தலையால அடிக்கிற நேரம் பிசகாது. கோலியும் லைனில நிண்டு பந்து தடுக்கிறதில கெட்டிக்காரன்.

ஆனா மின்னொளியில நடக்கிற அணிக்கு 7 பேர் சுற்றுப்போட்டிகளில கப் தூக்கிற இதே பெடியள், 11 பேர் ஆட்டமெண்டு வந்தா 60 நிமிசத்துக்குப் பிறகு கலைஞ்சு போகினம். முன்னுக்கு நிக்கிறவை திரும்பி வாறேல்லை. பின்களம் பெனால்ட்டிப் பெட்டிக்குள்ள போய் ஒதுங்குது. நடுவில பெரிய வெளி. எதிரணியின்ர 8ஆம் நம்பர் அந்த வெளிக்குள்ள பந்தை வாங்கி, ஆறுதலாத் திரும்பி, ஆளைப் பாத்துக் குடுக்கிறான். போன பருவம் நாங்கள் விட்ட கோலுகளில கனக்க இப்பிடி வந்ததுதான்.

என்ர நிலைப்பாடு, 4-3-3 (பின்னுக்கு 4, நடுவில 3, முன்னுக்கு 3 பேர்) ஆடவேணும். பாசையூர், நாவாந்துறை, இளவாலைப் பக்கத்து ரீமுகளோட மோதேக்க நடுவில 3 பேர் இல்லாட்டிப் பந்து காலுக்கே வராது. நிர்வாகத்தில இருக்கிற மூத்தவை 4-4-2தான் எண்டு நிக்கினம். பயிற்சி கிழமைக்கு 4 நாள், பின்னேரம் 4.30இலயிருந்து 6.15 வரை. மொத்தம் 16 பேர். சனி, ஞாயிறில 7 பேர் ஆட்டத்துக்குப் போறவையை நிப்பாட்டேலாது. இந்த ஆறு கிழமையில எதை முதல் செய்யவேணும்? விசயம் தெரிஞ்ச அண்ணைமார் சொல்லுங்கோ.


ஆறாம் நம்பர் எழுதியது:

தம்பி, 4-3-3ஆ 4-4-2ஆ எண்டதைக் கொஞ்சம் தள்ளி வையும். நீர் சொன்ன அந்த வெளிதான் முதல் நோய்.

7 பேர் ஆட்டம் கிட்டத்தட்ட அரை மைதானத்தில நடக்கிறது. கன இடத்தில ஓஃப்சைட்டும் (பந்து குடுக்கேக்க எதிரணிப் பின்களத்தைத் தாண்டி நிக்கக்கூடாது எண்ட விதி) இல்லை. பின்னுக்கு நிக்கிறவன் கோலுக்குக் கிட்ட நிண்டாலே காணும், முன்னுக்கு நிக்கிறவன் அங்கயே நிண்டாலும் பந்து தேடி வரும். அதே பழக்கத்தோட 100 மீற்றர் மைதானத்துக்கு வந்தா பின்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையில 50, 60 மீற்றர் விழும். நடுக்களத்துப் பெடியள் அந்த வெளியை ஓடி ஓடி அடைக்கப் பாத்து 60ஆம் நிமிசத்தில முடிஞ்சு போகினம். களைச்சதால கலையேல்லை, கலைஞ்சு நிக்கிறதாலதான் களைக்கினம். வெறுமன ஓடவிட்டு இதைத் திருத்தேலாது.

பந்து எதிரணியிட்ட இருக்கேக்க உங்கட கடைசிப் பின்களக்காரனுக்கும் முன்னுக்கு நிக்கிறவனுக்கும் இடைவெளி 30இலயிருந்து 35 மீற்றர். ஆறு கிழமையும் இந்த ஒரு அளவைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. முதல் ரெண்டு கிழமை ஒவ்வொரு நாளும் 15 நிமிசம் எதிராளி இல்லாமல் 11 பேரையும் நிப்பாட்டி, ஒருத்தர் பந்தைக் கையில வைச்சுக்கொண்டு மைதானத்தில ஆறு இடத்துக்கு மாறி மாறி நடக்கவேணும். அவர் இடது கரைக்குப் போனா முழு ரீமும் இடப்பக்கம் சாயவேணும். எதிர்க்கரையில நிக்கிற பக் ரெண்டு கோலுக்கும் நேரான நடுப்பகுதி வரை உள்ளுக்கு வரவேணும். ஒவ்வொரு நிப்பிலயும் 35 மீற்றர் கயிறொண்டைப் பிடிச்சுப் பாருங்கோ. தாங்கள் எவ்வளவு விலத்தி நிக்கினம் எண்டு பெடியளுக்குக் கண்ணால தெரியும். வாயால சொல்லி விளங்காதது கயிறைக் கண்டா விளங்கும்.

மூண்டாம் கிழமையிலயிருந்து 60க்கு 50 மீற்றர் கட்டத்தில 8க்கு 8. ஒரே ஒரு விதி: கோல் அடிக்கேக்க அடிச்ச ரீமில கோலியைத் தவிர எல்லாரும் நடுக்கோட்டைத் தாண்டி நிக்கவேணும், இல்லாட்டி அந்தக் கோல் செல்லாது. பின்களம் தானா ஏறும்.

பின்களம் ஏறினா ரெண்டு இடத்தில பிழைக்கும். முதலாவது கோலி. லைனில கெட்டிக்காரன் எண்டு எழுதியிருக்கிறீர், அந்தப் பழக்கம்தான் பயம். பின்களம் நடுக்கோட்டுக்குக் கிட்ட நிக்கேக்க அவர் கோலிலயிருந்து 15, 20 மீற்றர் முன்னுக்கு நிக்கவேணும். ஒவ்வொரு நாளும் 10 நிமிசம் பின்களத்துக்கு மேலால பந்து அடிச்சு, வெளியில வந்து காலால அடிச்சுக் கலைக்கப் பழக்குங்கோ. ரெண்டாவது, தூரத்துப் பக்கத்து பக் ஒருத்தன் ஒரு அடி பிந்தி நிண்டாலும் எதிரணி முழுக்க ஒன்சைட். அதால குரல் ஒருத்தற்ற குரலா இருக்கவேணும், அது சென்ரர் பக்கின்ர. எதிரணி பந்தைப் பின்னுக்குக் குடுத்தா "ஏறு". பந்து வைச்சிருக்கிறவனுக்கு நெருக்குதல் இல்லாமல் அவன் தலை நிமிர்த்திப் பாத்தா "விழு". புதுப் பெடியன் பெரியாக்களை அதட்டக் கூச்சப்படுவான். அதை மூத்த ஆட்டக்காரர் முதல் நாளே எல்லாருக்கும் முன்னால சொல்லித் தீர்த்துவிடவேணும்.

இனி உம்மட கேள்வி. 4-3-3இல உங்கட விங்கர் திரும்பி வராட்டி இடது பக் தனிய ரெண்டு பேரோட மாரடிக்கவேணும். 4-4-2இல நடுவில ஆள் குறையும் எண்டு நீர் சொன்னது சரி. என்ர தெரிவு 4-1-4-1. பந்து போனா விங்கர் நடுக்கள வரிசை மட்டும் வந்தாக் காணும். பின்களத்துக்கு முன்னால நிக்கிற அந்த ஒருத்தன்தான் எதிரணியின்ர 8ஆம் நம்பரின்ர வெளியை மூடுறவன். ஓடுறவனை அங்க போடாதேங்கோ, நிண்டு பாக்கத் தெரிஞ்சவனைப் போடுங்கோ.


ஈரத்துவாய் எழுதியது:

ஆட்ட முறையைப் பற்றி ஆறாம் நம்பர் அண்ணா எழுதிவிட்டார். நான் உடம்பைப் பற்றி மட்டும் எழுதுறன். 16 பேர்தான் எண்டா ரெண்டு பேருக்குத் தசை பிடிச்சாலே உங்கட அரையிறுதிக் கணக்குப் பிழைச்சுப் போகும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முதல் ஃபீஃபா 11+ எண்ட காயத்தடுப்பு வோர்ம் அப் செய்யுங்கோ. 15 பயிற்சி, 20 நிமிசம்: ஓட்டம் 8 நிமிசம், பலமும் சமநிலையும் 10 நிமிசம், வேக ஓட்டம் 2 நிமிசம். பந்தும் கோனும் விட்டா வேற சாமான் தேவையில்லை. 2008இல வெளிவந்த நோர்வே ஆய்வில, இதைச் செய்த இளம் வீராங்கனைகளுக்குக் காயம் மூண்டிலொரு பங்களவு குறைஞ்சது. நடுவில வாற பலப் பயிற்சியை "நேரமில்லை" எண்டு விட்டிட்டு ஓட்டத்தை மட்டும் செய்யிற ரீமுகள் கனக்க. பலன் கூட அந்த நடுப்பகுதியிலதான்.

அதில முழங்காலில நிண்டு, கூட்டாளி குதிக்காலை அமத்திப் பிடிக்க, உடம்பை நேரா வைச்சு மெல்ல முன்னுக்குச் சாயிற நோர்டிக் பயிற்சி இருக்கு. தொடையின்ர பின்தசை கிழியாமல் காக்கிறது அதுதான். முதல் கிழமை ஒரு நாள் மட்டும், 5 தரப்படி 2 சுற்று. ரெண்டாம் கிழமை 2 நாள், 6 தரப்படி 2 சுற்று. மூண்டாம் கிழமை 3 நாள், 6 தொடக்கம் 8 தரப்படி 3 சுற்று. முதல் நாளே 30 தரம் செய்யவிட்டா நாலு நாளைக்குப் படியேறேலாது, பெடியள் அதோட விட்டிடுவினம். இடுப்பில மடிஞ்சு சாஞ்சாலும் பலனில்லை. தோள், இடுப்பு, முழங்கால் ஒரு கோட்டில இருக்கவேணும்.

மூச்சுத் தாங்கிறதுக்கு 4 நிமிசப்படி 4 தரம் கடும் ஓட்டம், இடையில 3 நிமிசம் மெல்லோட்டம். அந்த 4 நிமிசமும் முழு வசனம் கதைக்கேலாத வேகம். கிழமைக்கு ரெண்டு நாள் காணும். ஒரு நாள் பந்தில்லாமல், மற்ற நாள் 4க்கு 4 ஆட்டமா. சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம் மணலில ஓட விடுறதை விட்டிடுங்கோ. காஞ்ச மணலில குதிக்கால் தாழும், கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுபடும். போறதெண்டா ஈர மணலில 15 நிமிசம்.

7 பேர் ஆட்டத்தை நிப்பாட்டேலாது எண்டா அதையும் பயிற்சிக் கணக்கில சேருங்கோ. ஞாயிறு இரவு மூண்டு நாலு ஆட்டம் ஆடினவனுக்குத் திங்களும் செவ்வாயும் வேக ஓட்டம் வேண்டாம். ஆறாம் நம்பர் அண்ணா சொன்ன கயிற்றுப் பயிற்சிக்கு அந்த நாளை எடுங்கோ. லீக் தொடங்க முந்தின ரெண்டு கிழமையாவது கழகம் மறிச்சே ஆகவேணும்.

வெக்கைக்கு உடம்பு பழக 7 தொடக்கம் 14 நாள் பிடிக்கும். முதல் கிழமை நேரத்தைக் குறைச்சுத் தொடங்குங்கோ. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கோ. ஒரு கிலோ குறைஞ்சா இரவு படுக்கிறதுக்குள்ள ஒன்றரை லீற்றர் குடிக்கவேணும், ஒரே இழுவையில இல்லை. இளநீர் நல்லதுதான், ஆனா வியர்வையில போற உப்பு அதில காணாது. ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும் வேணும். ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) கரைக்கிறதெண்டா பைக்கற்றில போட்டிருக்கிற அளவு தண்ணியில மட்டும். தண்ணியைக் குறைச்சுக் கெட்டியாக் கரைச்சா வயித்தைப் பிரட்டும்.


விசில் எழுதியது:

7 பேர் ஆட்டத்தில் இருந்து வரும் வீரர்கள் விதிகளில் இழப்பதையும் கவனியுங்கள். இவை இலவசமாக எதிரணிக்குக் கொடுக்கும் பந்துகள்.

கோல்காப்பாளர் பந்தைக் கையில் 8 செக்கனுக்கு மேல் வைத்திருந்தால், 2025 யூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி எதிரணிக்கு மூலை உதை. கடைசி 5 செக்கனை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். பின்களம் ஏறும்வரை பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் காப்பாளர்களுக்கு இது பெரிய மாற்றம். பயிற்சியில் யாராவது பின்னால் நின்று உரக்க எண்ணட்டும்.

எறிகை உங்கள் அணிக்குக் கட்டாயம் பழக வேண்டிய ஒன்று, ஏனெனில் 7 பேர் ஆட்டங்களில் பெரும்பாலும் பந்தைக் காலால்தான் உள்ளே உதைப்பார்கள். இரண்டு கையாலும், தலைக்குப் பின்னால் இருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும். இரண்டு பாதத்திலும் ஒரு பகுதி தரையில், கோட்டின் மேலோ வெளியிலோ இருக்க வேண்டும். களைத்த வீரர் பின்காலைத் தூக்கிவிடுவார், எறிகை எதிரணிக்குப் போகும். எறிகையில் இருந்து நேராக வரும் பந்துக்கு ஓஃப்சைட் இல்லை என்பதையும் முன்கள வீரர்கள் பலர் பயன்படுத்துவதில்லை. கோல் உதைக்கும் மூலை உதைக்கும் அதே விதிதான்.

நாணயச் சுழற்சியில் வென்ற அணி, எந்தக் கோலைத் தாக்குவது என்பதையோ ஆரம்ப உதையையோ தெரிவுசெய்யலாம். தென்மேற்கில் இருந்து சோளகம் வீசும் மாதங்களில் பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும். கிழக்கு மேற்காக அமைந்த மைதானத்தில் பின்னேர ஆட்டமென்றால், இரண்டாவது பாதியில் மேற்கைப் பார்த்து நிற்கும் காப்பாளரின் கண்ணில் வெயில் நேரே அடிக்கும். ஆகவே முதல் பாதியில் காற்றுக்கு எதிராக ஆடுவதே உங்கள் காப்பாளருக்கு நல்லது. அது முடியாமல் போனால் அவருக்குத் தொப்பி கொடுங்கள், விதி அனுமதிக்கிறது.

பயிற்சிப் பந்தையும் பாருங்கள். 5ஆம் இலக்கப் பந்து, சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம், அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம். காற்றுக் குறைந்த பந்தில் பழகிய காப்பாளருக்கு ஆட்டத்தன்று பந்து கையில் தங்காது. மைதானத்தில் கோடு போட நீறாத சுண்ணாம்பைப் பாவிக்காதீர்கள். ஈரம் பட்டால் தோலையும் கண்ணையும் சுடும்.


சோளகக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 4-1-4-1ஐ நிர்வாகத்திட்டக் கொண்டு போறன். ஆனா ஆறாம் நம்பர் அண்ணை, விங்கர் நடுக்கள வரிசை மட்டும் வந்து போனா அவற்ற வேகம் பாழாகும் எண்டு இன்னும் நினைக்கிறன். பந்து பறிச்ச உடன ஓடுறதுக்கு ஆள் முன்னுக்கு நிக்கவேணுமே? மற்றது, மூலை உதையில ஆளுக்கு ஆள் பிடிக்கிறதா, இடத்தைப் பிடிக்கிறதா?


ஆறாம் நம்பர் எழுதியது:

வேகமானவனுக்கு முன்னால வெளி இருந்தாத்தான் வேகத்துக்கு வேலை. அவர் முன்னுக்குப் போய் நிண்டா எதிரணியின்ர வலது பக் அவரோடயே ஒட்டிக்கொண்டு நிப்பான். அவர் நடுக்கோட்டுக்குப் பின்னால வந்தா அந்த பக்கும் ஏறி வருவான், அவனுக்குப் பின்னால 40 மீற்றர் திறக்கும். பந்து பறிச்ச முதல் பாஸ் விங்கருக்கு வேண்டாம். முன்னுக்குத் தனிய நிக்கிறவன்ர காலுக்குக் குடுத்து, அவன் ஒரே தொடுகையில விங்கர் ஓடுற பக்கம் தட்டிவிடட்டும். இதை 3 பேரை வைச்சு, ஒவ்வொரு பயிற்சி முடிவிலயும் 10 தரம் அடிச்சுப் பழக்குங்கோ. சோளகத்துக்கு எதிரா ஆடேக்க தட்டிவிடுற பந்து தரையோட போகவேணும், தூக்கிவிட்டா காத்தில நிண்டுபோகும்.

மூலை உதைக்கு ரெண்டையும் கலவுங்கோ. புது சென்ரர் பக் கோலுக்கு முன்னால கிடக்கிற சின்னப் பெட்டியின்ர நடுவில, ஒருத்தரையும் பிடிக்காமல், வாற பந்தை மட்டும் பாத்து நிக்கட்டும். கிட்டின கம்பத்துக்கு முன்னால ஒருத்தர், அவருக்கும் சென்ரர் பக்குக்கும் இடையில இன்னொருத்தர். எதிரணியில தலையால நல்லா அடிக்கிற மூண்டு பேருக்கு மட்டும் ஆளுக்கு ஆள். பெட்டி விளிம்பில ரெண்டு பேர். விங்கரை நடுக்கோட்டில விடுங்கோ. அவருக்காக எதிரணி ரெண்டு பேரையாவது பின்னுக்கு வைக்கும், அந்த ரெண்டு பேரும் உங்கட பெட்டிக்குள்ள வராயினம். ஆர் எங்க எண்டதைப் பேரோட ஒரு மட்டையில எழுதி உடுப்பு மாத்திற இடத்தில ஒட்டுங்கோ. மாற்று ஆள் உள்ளுக்குப் போகேக்க அவர் ஆற்ற இடத்தை எடுக்கிறார் எண்டதும் அதில இருக்கவேணும், மாற்றம் நடந்த அடுத்த மூலை உதையிலதான் கனக்க ரீம் கோல் வாங்குறது.