5 கிகாஹெர்ட்ஸில் நிற்காத 9600கே: வோல்டேஜா, எல்எல்சியா?

முதல் முறையாக ஓவர்கிளாக் (பிராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்கிறேன். மூன்று நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இன்டெல் ஐ5-9600கே பிராசஸர், இசட்390 மதர்போர்டு, 240 மிமீ வாட்டர் கூலர். எல்லா கோரும் 5.0 கிகாஹெர்ட்ஸ், பயாஸில் 1.30 வோல்ட். சினிபெஞ்ச் (வேகச் சோதனை) ஓடிவிடுகிறது. பிராசஸரைக் கடுமையாகச் சோதிக்கும் பிரைம்95 போட்டால் பத்தே நிமிடத்தில் நீலத்திரை: ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’. சூடு 80 டிகிரியைத் தாண்டவில்லை, அதனால் கூலர் மேல் சந்தேகமில்லை.

எக்ஸ்எம்பியை (ரேமின் வேக செட்டிங்) அணைத்தேன், ஏவிஎக்ஸ் ஆஃப்செட் (கனமான ஏவிஎக்ஸ் கணக்குகளில் மட்டும் வேகத்தைக் குறைப்பது) 2 வைத்தேன், வோல்டேஜை 1.32 வரை ஏற்றினேன். பத்து நிமிடம் இருபதானது, அவ்வளவுதான். வேகத்தை 4.8க்கு இறக்கினால் ராத்திரி முழுக்க அசையாமல் ஓடுகிறது.

ஒன்று கவனித்தேன்: 1.32 வைத்தும், லோடு ஏறியதும் சிபியு-இசட்டில் (வோல்டேஜ் காட்டும் மென்பொருள்) 1.24க்கு விழுகிறது. எல்எல்சி, அதாவது லோடில் வோல்டேஜ் விழுவதை ஈடுகட்டும் பயாஸ் செட்டிங், இன்னும் ஆட்டோவில்தான் (அதைத் தொடத்தான் கொஞ்சம் பயம்).

வோல்டேஜை இன்னும் ஏற்றுவதா, எல்எல்சியை ஒரு படி கூட்டுவதா, எதை முதலில் செய்யலாம்?