குடும்பக் குழு: அத்தையின் குரல்

அத்தை: இன்று யாரும் போன் செய்ய வேண்டாம். குரல் சுத்தமாக இல்லை, எழுதியே பேசிக்கொள்கிறேன்.

பெரியப்பா: என்னம்மா இது, போன மாதமும் இதே கதைதானே?

அத்தை: ஆமாம் அண்ணா. லீவு விட்டால் சரியாகிறது. பள்ளி திறந்து நாலு பீரியட் எடுத்தால் மறுபடி கரகரப்பு. சாயங்காலத்துக்குள் வெறும் காற்றுதான் வருகிறது. வகுப்பில் கிசுகிசுத்தே சமாளிக்கிறேன்.

நான்: அத்தை, முதலில் அந்தக் கிசுகிசுப்பை நிறுத்துங்கள். பலர் கிசுகிசுக்கும்போது தொண்டைத் தசையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல மெல்லிய குரலில் பேசுங்கள். எவ்வளவு நாளாக இப்படி?

அத்தை: விட்டு விட்டு மூன்று மாதம் இருக்கும்மா.

நான்: கரகரப்பு நாலு வாரம் நீடித்தாலே குரல்வளையை உள்ளே பார்த்துவிட வேண்டும். ஈஎன்டி டாக்டரிடம் நாளைக்கே நேரம் வாங்குங்கள்.

சித்தப்பா: எதற்கு அதெல்லாம்? அக்கா பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நமக்கும் நிம்மதி 😄

நான்: சித்தப்பா, முழு மௌனம் எல்லாம் தொண்டைக்குள் அதிர்ந்து குரல் எழுப்பும் குரல்நாணில் ரத்தக்கசிவு, ஆபரேஷன் மாதிரி சமயங்களில், அதுவும் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும்தான். லீவில் ஓய்வு கிடைத்துக் குரல் திரும்பத்தானே செய்கிறது? வகுப்புக்குள் போனதும் பழைய குருடி கதவைத் திறடி. குரலை எழுப்பும் விதம் மாறினால்தான் விடிவு.

அத்தை: நீயே குரல் தெரபிஸ்ட்தானே, ஏதாவது பயிற்சி சொல்லேன். உள்ளே கேமரா விடுவார்களாமே, பயமாக இருக்கிறது.

நான்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் பயிற்சி ஆரம்பிக்க மாட்டேன், அத்தையாகவே இருந்தாலும். வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும். 1854-ல் மானுவெல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலைத் திருப்பிவிட்டுத் தன் குரல்நாணைத் தானே பார்த்தார். உங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

வியாழன்

அத்தை: போய் வந்தாயிற்று. நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு 'ஈ' சொல்லச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் எதிரெதிரே சின்ன முடிச்சாம். கேட்டதும் கை நடுங்கிவிட்டது.

நான்: அது புற்றுநோய் இல்லை, அப்படி மாறவும் மாறாது. செருப்பு உரசிய இடத்தில் தோல் காய்த்துப்போகும் இல்லையா, அந்த மாதிரி. பெண்கள் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று தட்டுகின்றன. கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமென்று கழுத்தை இறுக்கிக் கத்தினால் ஒவ்வொரு தட்டும் பலமாக விழும். நாலு பீரியடுக்கு எத்தனை தட்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: ஆபரேஷன் உண்டா?

நான்: இந்த முடிச்சுக்கு முதல் வைத்தியமே வாய்ஸ் தெரபி, அதாவது குரல் பயிற்சிதான் பெரியப்பா. பெரும்பாலும் அதிலேயே சுருங்கிவிடும். வெட்டி எடுத்துவிட்டுப் பழையபடி கத்தினால் திரும்ப வரும். பாலிப் என்கிற சதை வளர்ச்சி, நீர்க்கட்டி என்றால் கதை வேறு.

தம்பி: அத்தையை ஸ்ட்ராவில் தண்ணீருக்குள் ஊதச் சொன்னார்களாம். எல்கேஜி விளையாட்டா?

நான்: சிரிக்காதே. ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று குரல் கொடுக்கும்போது வாய்ப்பக்கம் கொஞ்சம் அழுத்தம் சேர்ந்து குரல்நாண்களுக்குத் திரும்பி வருகிறது. அவை முட்டி மோதாமல் மெத்தென்று சேர்ந்து அதிரும். பாடகர்களும் செய்கிறார்கள்.

அத்தை: அரை டம்ளர் தண்ணீர் வைத்து ஊதிப் பார்த்தேன். குமிழி வருகிறது, நிற்கிறது, வருகிறது.

நான்: ஸ்ட்ரா அதிகம் மூழ்கியிருக்கும். நுனி இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போனால் போதும். வெறும் காற்றை ஊதாமல் குரலும் சேர்ந்து வர வேண்டும். ஒரு கையைக் கழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நரம்பு புடைக்கக் கூடாது. உதட்டிலும் கன்னத்திலும் கிறுகிறுவென்று அதிர்வு தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

அத்தை: இப்போது தெரிகிறது! மூக்கு வரை கூசுகிறது.

நான்: 👏 அதேதான். அப்புறம் அந்த 'ம்க்கும்' செருமல். அதில் குரல்நாண்கள் படாரென்று அறைந்துகொள்கின்றன. செருமத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள்.

சித்தி: தண்ணீர் பட்டுக் குரல்நாண் நனையுமா?

நான்: குடிக்கிற தண்ணீர் உணவுக்குழாயில் போகிறது சித்தி, குரல்நாணில் படவே படாது. உடம்பில் ஈரம் சேர்ந்துதான் அங்கே போகும், அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் வகுப்புக்கு முன்னால் ஒரே மூச்சில் குடிக்காமல் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

அத்தை: மைக் வைத்துக்கொண்டால் குரல் கெட்டுப்போனவள் என்று நினைப்பார்களோ?

நான்: நினைத்துவிட்டுப் போகட்டும். இடுப்பில் கட்டும் சின்ன ஸ்பீக்கர் போதும், இனிமேலும் கழற்ற வேண்டாம். கண்ணாடி போட்டவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லையே.

சித்தி: சும்மா கேட்கிறேன். இரண்டு மாதமாக இவர் குரலும் கட்டையாகிவிட்டது. கேட்டால் கம்பீரம் என்கிறார்.

சித்தப்பா: கம்பீரம்தான்.

நான்: சித்தப்பா சிகரெட்டை இன்னும் விடவில்லைதானே? அப்படியானால் ஸ்ட்ரா, பயிற்சி எதுவும் வேண்டாம். நாலு வாரம் என்ற கணக்கும் உங்களுக்குக் கிடையாது, உடனே கேமரா. விழுங்கும்போது வலி, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி ஏதாவது உண்டா?

சித்தப்பா: அதெல்லாம் ஒன்றும் இல்லை.

சித்தி: விழுங்கும்போது ஏதோ மாட்டுவதாக என்னிடம் சொன்னாரே!

நான்: சித்தி, அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சித்தி: அண்ணி போன அதே டாக்டரிடம் நாளைக் காலை பத்தரைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

சித்தப்பா: என்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே?

சித்தி: கேட்டால் வர மாட்டீர்கள்.