பையன் காலில் நீல நூல் மாதிரி சுத்திக்கிச்சு, வினிகர் ஊத்தலாமா?

புதுவரவு: அவசரம். ஆஸ்திரேலியாவுக்குப் புதுசு, இப்ப பீச்ல இருக்கோம். 6 வயசுப் பையன் காலில் நீல நூல் மாதிரி ஏதோ சுத்தி, சாட்டையால அடிச்ச மாதிரி தடிச்சிருக்கு. கதறுறான். வினிகர் ஊத்தச் சொல்றாங்க. ஊத்தலாமா?

மதுரைக்காரன்: சன்ஸ்கிரீன் போட்டீங்களா? எஸ்பிஎஃப் 50+ வாங்கி, வெயில்ல இறங்க 20 நிமிஷம் முன்னாடியே போடணும். 2 மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபடி. மாநிறம்னு விட்டுடாதீங்க, இங்க யூவி அளவே வேற.

தேன்மொழி: அவங்க கேட்டது அதுவா? வினிகர்தான். எந்த சூப்பர் மார்க்கெட்லயும் கிடைக்கும், தாராளமா ஊத்துங்க.

பனங்காடு: ஊத்த வேண்டாம்! நீலமா நூல் போல எண்டால் புளூபாட்டிலாத்தான் இருக்கும், நீண்ட நூல் போல கொடுக்குள்ள, ஜெல்லிமீன் மாதிரியான கடலுயிர். வினாகிரி பட்டால் மிச்சமிருக்கிற கொட்டும் செல்லுகளும் வெடிக்கலாம்.

தேன்மொழி: வடக்கே குயின்ஸ்லாந்துல கெய்ன்ஸ் பீச்ல கம்பம் நட்டு வினிகர் பாட்டிலே வெச்சிருக்காங்களே, சும்மாவா?

மதுரைக்காரன்: ஆம்புலன்ஸ் மட்டும் கூப்பிட்டுடாதீங்க, மெடிகேர்ல (அரசு மருத்துவக் காப்பீடு) வராது, பில்லு தீட்டிடுவான்.

தேன்மொழி: குயின்ஸ்லாந்துவாசிகளுக்கு இலவசம்தான். பீச்சுல பார்க்கிங்குக்கு அழுறதைவிட இது மேல்.

கடலோரம்: பார்க்கிங் புலம்பல் அப்புறம். புதுவரவு, எந்த ஊர்? அதைச் சொல்லாம பதிலே இல்ல. கெய்ன்ஸ், டவுன்ஸ்வில் பக்கம்னா பாக்ஸ் ஜெல்லிங்கிற விஷ ஜெல்லிமீனா இருக்கலாம், உயிருக்கே ஆபத்து: உடனே அவசர எண் 000, வினிகரை 30 விநாடியாவது விடாம ஊத்தணும்.

புதுவரவு: சிட்னி. மரூப்ரா.

கடலோரம்: அப்ப பாக்ஸ் ஜெல்லி இல்ல, பனங்காடு சொன்ன புளூபாட்டில்தான். வினிகர் வேண்டாம். தேய்க்காதீங்க, மணல், துண்டு எதுவும் படக்கூடாது. கடல் தண்ணியால அலசி, ஒட்டியிருக்கிற நூலை விரலாலேயே எடுத்துடுங்க. விரல்ல லேசா சுருக்குன்னும், அவ்வளவுதான். குழாய்த் தண்ணி முதல்ல வேண்டாம். அப்புறம் லைஃப்கார்ட்கிட்ட வெந்நீர் கேளுங்க. 45 டிகிரி, 20 நிமிஷம். உங்க கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் அவன் காலை வைக்கணும், குழந்தைத் தோல் வெந்துடும். வெந்நீர் இல்லைன்னா ஐஸ், பிளாஸ்டிக் பைல போட்டு. மூச்சு திணறினாலோ, வாய் வீங்கினாலோ, பில்லு யோசிக்காம 000. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு சொன்னா இணைச்சுத் தருவாங்க.

புதுவரவு: நூலை எடுத்தாச்சு. வெந்நீர்ல வெச்சிருக்கோம், அழுகை குறையுது.

பனங்காடு: நல்லது. இனி வடகிழக்குக் காத்து அடிக்கிற நாளில கரையில நீலக் குமிழ் கிடக்குதோ எண்டு பாத்திட்டு இறக்குங்கோ. செத்துக் கிடந்தாலும் கொட்டும். பிள்ளைக்கு முழுக்கை ராஷி (நீச்சல் சட்டை) போட்டால் பாதி உடம்பு தப்பும்.

கடலோரம்: சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவுல மட்டும் இறங்குங்க. அலை உடையாம அமைதியா, கொஞ்சம் கருத்துத் தெரியுற இடம்தான் பத்திரம்னு நம்ம ஆளுங்க போய் நிப்பாங்க. அதுதான் கடலுக்கு உள்ளே இழுக்கிற நீரோட்டம், ரிப். மாட்டிக்கிட்டா எதிர்த்து நீந்தாம மிதந்து, கையைத் தூக்கிக் காட்டுங்க.