ஹிப்னாடிசத்தில் சிகரெட் நிற்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

சங்ககிரி புக்கிங் ஆபீஸ்

இந்த விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் போய் வந்ததை எழுதுகிறேன், போனவர்கள் நீங்களும் எழுதுங்கள். "மன உறுதி இருந்தா போதும் பாஸ்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அதை என் மாமனார் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவன் நான். லோடு கிடைக்கவில்லை என்றால் ஒரு தம், கிடைத்துவிட்டால் ஒரு தம், டிரைவர் போனை எடுக்கவில்லை என்றால் இரண்டு. சிசர்ஸில் ஆரம்பித்து கோல்ட் ஃப்ளேக் கிங்ஸில் வந்து நின்ற கதை. நிகோடின் சூயிங்கம் வாங்கிப் பார்த்தேன். கடகடவென்று மென்றதில் விக்கல் வந்ததுதான் மிச்சம்.

ஹிப்னாடிசம் என்றால் எனக்குத் தெரிந்தது பொருட்காட்சி மேடைதான். ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பச்சை வெங்காயத்தைக் கையில் கொடுத்து ஆப்பிள் என்பார்கள், அவரும் ருசித்துத் தின்பார். அதனால் சேலத்தில் ஒரு உளவியல் நிபுணர் இப்படிச் செய்கிறார் என்று மச்சான் சொன்னபோது, மயக்கத்தில் ஏடிஎம் நம்பரை உளறிவிடுவேனோ என்றுதான் முதலில் தோன்றியது.

முதல் நாள் கண்ணை மூடச் சொல்லவே இல்லை. முழுக்கக் கேள்விதான். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், காய்ச்சலில் படுத்தாலும் பிடிப்பீர்களா, ஒரு நாளில் எந்த சிகரெட்டை விட மட்டும் மனசு வராது. (ஃபாகர்ஸ்ட்ராம் என்பவர் பெயரில் இருக்கும் ஆறு கேள்விகளாம். முதல் சிகரெட் ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அந்தக் கேள்விக்கு முழு மார்க். நான் முழு மார்க்.) கடைசியாக, "எப்பவாவது விட்டிருக்கீங்களா?" என்றார்.

"வருஷா வருஷம் மேடம். சபரிமலைக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் தொட மாட்டேன்."

"அப்ப ஆசை வராதா?"

"வரும். ஆனா கழுத்துல மாலை இருக்கே, அந்தப் பேச்சுக்கே இடமில்லை."

"மலைக்குப் போய் வந்த பிறகு?"

"ஊருக்கு வந்து குருசாமி மாலையைக் கழட்டிவிட்டதும், நேரா டீக்கடை."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த முறை சாய்வு நாற்காலி. தலையை அசைக்காமல் பார்வையை மட்டும் மேலே உயர்த்தி, அப்படியே இமையை மூடி, மூச்சை மெல்ல விடச் சொன்னார். வெளியே ஆட்டோ ஹாரன் கேட்டது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணக்கூடச் செய்தேன். இது நமக்கு ஏறாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது "வலது கை லேசாகுது" என்றார். கை எழுந்தது. நான் தூக்கவில்லை, ஆனால் வேண்டாம் என்று நினைத்திருந்தால் நிறுத்தியிருப்பேன். இதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு எங்கள் ஆபீஸ் எதிர் டீக்கடைக்கு என்னைக் கூட்டிப்போனார், பேச்சிலேயே. பாய்லர் சத்தம், கிளாஸின் சூடு, தீக்குச்சி உரசும் வாசம். கடைக்காரர் கேட்காமலே சிகரெட்டை நீட்டுகிறார். "கழுத்தைத் தொட்டுப் பாருங்க, மாலை இருக்கு." டீயை மட்டும் குடித்துவிட்டு வருகிறேன். அப்புறம் லோடு கேன்சல் ஆன மத்தியானம், வாடகை பாக்கி வைத்த பார்ட்டி, டிரைவர் எடுக்காத போன் என்று ஒவ்வொன்றாக இதே ஒத்திகை. எனக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றை எடுத்து, கார்த்திகை மாதத்துக்கு மட்டும் இருந்ததை மற்ற மாதங்களுக்கும் நீட்டிவிட்டார், அவ்வளவுதான்.

வீட்டில் நாமே செய்துகொள்ளவும் சொல்லிக்கொடுத்தார். பார்வையை உயர்த்து, கண்ணை மூடு, மூச்சு விடு, மூன்று வாக்கியம் மனதுக்குள் சொல்: புகை என் உடம்புக்கு விஷம், வாழ்வதற்கு எனக்கு இந்த உடம்பு வேண்டும், இதைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. ஹெர்பர்ட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1970-இல் எழுதிய முறையாம். ஒரு நிமிடம் போதும். ஆபீஸிலேயே செய்வேன், தூக்கம் சொக்குகிறது என்று பையன்கள் நினைத்துக்கொள்வார்கள்.

முதல் மூன்று நாள் தலைவலி, எரிச்சல், எடுத்ததற்கெல்லாம் கத்தல், எல்லாம் இருந்தது. அதை ஹிப்னாடிசம் ஒன்றும் செய்யவில்லை. சூயிங்கமையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள் என்று மேடம் முறை சொன்னார்: நாலு கடி கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்து ஓரம் ஒதுக்கிவிட வேண்டும். விக்கல் வரவில்லை. இப்போது இரண்டாவது தீபாவளியும் தாண்டிவிட்டது.

மேலப்பாளையத்தான்

உங்களுக்கு மாலை என்றால் எங்களுக்கு நோன்பு. ரமலானில் பகல் முழுக்கத் தண்ணீரே கிடையாது, சிகரெட் எங்கே. ஆனால் மக்ரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி, உடனே வாசலுக்கு வந்து ஒரு தம். நோன்பு திறக்கும் நேரம் எனக்கு நிமிடக் கணக்கில் தெரியும் என்பதால் உங்கள் வைத்தியம் எனக்கு ஒத்துவராது.

நான் போன இடம் வேறு ரகம். ஊர் பேர் வேண்டாம். சுவர் முழுக்கச் சான்றிதழ், மூன்று சிட்டிங் பேக்கேஜ், பணம் முன்கூட்டியே. கேள்வி எதுவும் இல்லை. படுக்க வைத்து, இனிமேல் புகையிலை வாசம் வந்தாலே அழுகின மீன் நாற்றம் அடிக்கும், குமட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு நன்றாகவே கண் சொருகியது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்களைப் படிக்க வைத்தது உம்மா சுற்றிய பீடி. மடியில் முறம், ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள், விரலில் நூல். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவோம். கட்டு எண்ணி அடுக்கிக் கொடுப்பது என் வேலை. புகையிலை வாசம் என்றால் எனக்கு வீடு. அதைப் போய் நாறச் சொன்னால் எப்படி நாறும்? வெளியே வந்து பெட்டிக்கடையில் ஒன்றைப் பற்றவைத்தேன். மீனும் இல்லை, ஒன்றும் இல்லை. போய்க் கேட்டதற்கு, "உங்க ஆழ்மனசு ஒத்துழைக்கலை" என்றார். மீதிப் பணத்தைக் கேட்டேன், அதற்கு அவருடைய மேல்மனசே ஒத்துழைக்கவில்லை.

கடைசியில் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறதே, புகையிலையை விட உதவும் எண் 1800-11-2356, அதற்குத்தான் போன் போட்டேன். இலவசம். விடும் நாளைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள். டாக்டரிடம் காட்டி நிகோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டேன். இப்போது பிடிப்பதில்லை. உம்மா வீட்டுக்குப் போனால் அந்த வாசத்தை ஆழமாக ஒரு தடவை இழுத்துக்கொள்கிறேன், அதை விடுவதாக உத்தேசம் இல்லை.

தஞ்சாவூர் நர்ஸ்

நுரையீரல் வார்டில் வேலை செய்கிறேன். மேலே சொன்ன இரண்டும் நடக்கக்கூடியதுதான்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2019-இல் இதை எடுத்துக்கொண்டது. 14 ஆய்வுகள், மொத்தம் 1,926 பேர். மற்ற ஆலோசனை முறைகளைவிடவோ, யார் உதவியும் இல்லாமல் விடுவதைவிடவோ ஹிப்னோதெரபி மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது முடிவு. பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆய்வுகளின் தரம் அப்படி. சங்ககிரி அண்ணன் சொன்ன ஸ்பீகல் முறைக்கு 1993-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. 226 பேருக்கு ஒரே ஒரு சிட்டிங். ஒரு வாரம் கழித்து 52 சதவீதம் பேர் பிடிக்காமல் இருந்தார்கள், இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் 23 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதில் எனக்குப் பிடித்த தகவல், ஹிப்னாடிசம் எளிதில் ஏறுகிறவர்களும், துணையோடு வாழ்கிறவர்களும் அதிகம் தாக்குப்பிடித்தார்கள் என்பது.

பேட்ச், சூயிங்கம், வாரெனிக்ளின் மாத்திரை இவற்றுக்கு ஆதாரம் உறுதியாக இருக்கிறது. ஆகவே ஹிப்னோதெரபிக்குப் போனாலும் இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று தொந்தரவு செய்யாது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. சிகரெட் புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு, காபியில் உள்ள கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கும். சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும், அதே இரண்டு டம்ளர் காபி உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை வரும். நிறையப் பேர் அதை நிகோடின் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு மறுபடி பற்றவைக்கிறார்கள். விட்ட முதல் வாரத்திலேயே காபியைப் பாதியாக்குங்கள்.

இல்லாத குரல் கேட்பது போன்ற தீவிர மனநோய் உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் ஹிப்னாடிசத்துக்கு உட்கார வேண்டாம்.

கும்பகோணத்து மனைவி

நான் பிடிப்பவள் இல்லை, பிடித்தவரோடு குடும்பம் நடத்துபவள். காபி விஷயம் இப்போதுதான் புரிகிறது. விட்ட புதிதில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் நடப்பார். எங்கள் வீட்டு டிகாஷனும் லேசுப்பட்டதில்லை.

இவர் போன மருத்துவர் என்னையும் ஒரு நாள் வரச் சொன்னார். நான் சட்டையை மோந்து பார்ப்பேன், மொட்டை மாடியில் சிகரெட் துண்டு கிடக்கிறதா என்று தேடுவேன். அதை நிறுத்தச் சொன்னார். "பிடிச்சீங்களா" என்று கேட்கவே கூடாதாம். எனக்குக் கோபம்தான் வந்தது, தப்பு செய்கிறவர் அவர், கட்டுப்பாடு எனக்கா என்று.

நாலைந்து மாதம் நன்றாக இருந்தார். அப்புறம் அவருடைய பெரியப்பா தவறிப்போனார். ராத்திரி முழுக்க வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பாக்கெட் கைமாறிக்கொண்டே இருந்தது. துக்க வீட்டில் யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்து, "அன்னிக்கு மூணு பிடிச்சேன்" என்று அவராகவே சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயால் எண்ணிக்கை வந்தது அதுதான் முதல் தடவை. மருத்துவரிடம் மறுபடி போனபோது, அவர் திட்டாமல், கண்ணை மூட வைத்து அந்தப் பந்தலுக்கே திரும்பக் கூட்டிப்போனாராம். போன மாதம் இன்னொரு சாவுக்குப் போய் வந்தார். நான் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மோந்தும் பார்க்கவில்லை, ஆனால் துவைக்கப் போடும்போது வாசம் தெரியத்தானே செய்யும்! ஒன்றும் இல்லை.

சிங்கப்பூர் ஷிப்ட்

நான் காசு கொடுத்து எங்கும் போகவில்லை. இணையத்தில் கிடைக்கும் ஹிப்னாடிச ஒலிப்பதிவுகளை எம்.ஆர்.டி ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். கடற்கரையில் நடக்கிறீர்கள், பனி மூடிய மலையைப் பார்க்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். நான் பனியை எங்கே கண்டேன்? இறங்கும் ஸ்டேஷனைத் தவறவிட்டதுதான் பலன்.

அப்புறம் நானே தமிழில் எழுதி, என் குரலிலேயே பதிந்தேன். ஷிப்ட் முடிவது, லிஃப்ட், கீழே இறங்கி நண்பர்களோடு புகைபிடிக்கும் இடத்துக்கு நடப்பது. இங்கே நினைத்த இடத்தில் பற்றவைக்க முடியாது. ஆர்ச்சர்ட் ரோடு வட்டாரத்தில் 2019 முதல் ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கு வேண்டியிருந்தது பாதி அந்த நடையும் பேச்சும்தான். இப்போது நடக்கிறேன், பேசுகிறேன், கையில் தண்ணீர் பாட்டில். வாரத்துக்கு ஒன்று இன்னும் போகிறது. முழுக்க விட்டவன் என்று எழுத மனசு வரவில்லை.

புதியவன்

சங்ககிரி அண்ணா, இரண்டு கேள்வி. எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை, போகலாமா? எவ்வளவு ஆகும்? அப்புறம் மூன்றாவதாக ஒன்று: மறுபடியும் மலைக்குப் போனீர்களா? குருசாமி மாலையைக் கழற்றியபோது என்ன ஆனது?

சங்ககிரி புக்கிங் ஆபீஸ்

இரண்டு என்று சொல்லி நான்கு கேட்டிருக்கிறீர்கள் தம்பி, சரி.

போன கார்த்திகையிலும் போட்டேன். கழற்றும் நாளை நினைத்து எனக்கும் உதறல்தான். அதனால் கிளம்புவதற்கு முன்பே மேடத்திடம் ஒரு நாள் போய், குருசாமி கழற்றுகிறார், நான் டீக்கடைக்கு நடக்கிறேன் என்று அந்த இடத்தையும் ஒத்திகை பார்த்துவிட்டேன். நிஜத்தில் நடந்தபோது கடைக்காரர் பழக்கத்தில் சிகரெட்டை எடுத்து வைத்துவிட்டார். பஜ்ஜி போதும் என்றேன். ஒரு கிலோ எடை ஏறியிருந்தால் அந்த பஜ்ஜிதான் காரணம்.

நம்பிக்கை இல்லாமல் போகலாம், நானும் அப்படித்தான் போனேன். விட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் போனால் காசு வீண். வீட்டில் பிடித்துத் தள்ளி வந்தவர்களை மேடம் திருப்பி அனுப்பியதையே பார்த்திருக்கிறேன்.

போவதற்கு முன் போனில் கேளுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, அல்லது மனநல மருத்துவரா? பதிவு எண் என்ன? முதல் நாளே படுக்க வைப்பாரா, உட்கார்ந்து பேசுவாரா? பேக்கேஜாக மொத்தப் பணத்தையும் முன்னால் கேட்கிறாரா? எண்ணைக் கேட்டதும் குரல் மாறினால் போனை வைத்துவிடலாம். மேலப்பாளையத்து பாய் மாதிரி உங்களுக்கும் புகையிலையோடு வேறு கதை ஏதாவது இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

எனக்கு எல்லாம் சேர்த்து ஒரு மாத சிகரெட் காசுக்குள் முடிந்தது. சேலத்துக்கு பஸ் டிக்கெட் தனி.