ஃப்ளஷ் அடித்த பிறகு எது போகும், எது மிஞ்சும்?

ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய ஒரு நூலக மென்பொருளைப் பயிற்சி வகுப்புகளுக்காகக் காலிசெய்து கொடுக்கும் வேலை என்னிடம் இருக்கிறது. புது அணி வந்து உட்காரும்போது, முந்தைய அணி பதிந்த உறுப்பினர், புத்தகம், அபராதம் எதுவும் கண்ணில் படக் கூடாது. டேட்டாபேஸில் உள்ளதைக் காலிசெய்யும் ஜாங்கோ கட்டளைதான் ஃப்ளஷ். டெர்மினலில் 'பைத்தான் மேனேஜ்.பை ஃப்ளஷ்' என்று அடித்தால், எந்த டேட்டாபேஸ் காலியாகப் போகிறது என்று பெயரோடு எச்சரிக்கை வரும். 'யெஸ்' என்று முழுசாக அடித்தால்தான் மேலே நகரும். அந்தப் பெயரை நான் வாய்விட்டே படிப்பேன். 'நோஇன்புட்' சேர்த்தால் இந்தக் கேள்வியே வராது என்பதால், கையால் அடிக்கும்போது அதைச் சேர்ப்பதே இல்லை.

டேபிள்கள் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் வரிகள் மட்டும் போகும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஐடி எண்களும் திரும்ப 1-இலிருந்து தொடங்கும். எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் கணக்கும் போய்விடும், புதிதாக உருவாக்க வேண்டும். பர்மிஷன் பட்டியலை ஜாங்கோ தானே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

எங்களை உட்கார வைத்து யோசிக்க வைத்தது மாவட்டப் பட்டியல்தான். உறுப்பினர் படிவத்தில் மாவட்டம் தேர்ந்தெடுக்கும் பெட்டி வெறுமையாக வந்தது. அந்தப் பட்டியலை முன்பு ஒரு மைக்ரேஷனுக்குள்ளேயே (டேபிள் அமைப்பை உருவாக்கும், மாற்றும் கோப்பு) ஏற்றியிருந்தார்கள். சரி, அந்தக் கோப்புகளை ஓட்டும் 'மைக்ரேட்' கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் வந்துவிடும் என்று பார்த்தால், ஓட்ட எதுவும் மிச்சமில்லை என்கிறது. எந்தெந்த மைக்ரேஷன் முடிந்தது என்ற பதிவேட்டை மட்டும் ஃப்ளஷ் தொடாது. பட்டியல் அழிந்துவிட்டது, ஏற்றியாயிற்று என்ற குறிப்பு மட்டும் நிற்கிறது! இப்போது மாவட்டங்களைத் தனி ஃபிக்ஸ்சர் கோப்பாக (ஏற்றுவதற்குத் தயாராக வைத்த தரவு) வைத்து, ஃப்ளஷ் முடிந்த கையோடு அதை ஏற்றும் 'லோட்டேட்டா' கட்டளையைக் கொடுக்கிறோம். எல்லாமே முதலிலிருந்து வேண்டுமென்றால் டேட்டாபேஸையே ட்ராப் செய்து, புதிதாக உருவாக்கி, மைக்ரேட் ஓட்டுவதுதான் சுத்தமான வழி.

அப்புறம், ஏற்றிய அட்டைப்படங்கள் மீடியா ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். ரெடிஸ் என்ற தனி மென்பொருளில் கேஷ் (வேகத்துக்காக எடுத்து வைக்கும் நகல்) வைத்திருந்தால் பழைய புத்தகப் பெயர்கள் தேடலில் தலைகாட்டும். இரண்டையும் தனியாகத்தான் துடைக்க வேண்டும்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு கூடுதல் தகவல்: 'எஸ்கியூஎல்ஃப்ளஷ்' என்று ஒரு கட்டளை உண்டு. எதையும் அழிக்காமல், டேட்டாபேஸில் ஓடப்போகும் எஸ்கியூஎல் கட்டளை வரிகளை மட்டும் காட்டும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் அதைத்தான் ஓட்டிக் காட்டுகிறேன். டேபிளைக் காலிசெய்யும் 'ட்ரங்கேட்' என்ற சொல்லுக்குப் பின்னால் தங்கள் டேபிள் பெயர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை தானாக நிதானமாகிவிடுகிறது. பிஎச்பி மொழிக்கான லாராவெல் கட்டமைப்பில் இதே வேலைக்கு 'மைக்ரேட்:ஃப்ரெஷ்'. அது டேபிள்களையே தூக்கிவிட்டுத் திரும்பக் கட்டும். புரொடக்‌ஷன் என்று அமைத்திருந்தால் நிறுத்திக் கேட்கும். ஜாங்கோ இது சோதனை சர்வரா, நிஜ சர்வரா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தக் காவலும் அதில் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

* * *

முதலில் எழுதிய நண்பர் சொன்னபடி, டேட்டாபேஸ் பெயரை வாய்விட்டுப் படிப்பது நல்ல பழக்கம். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேபில் நடந்தது, இடம் மாறி அழித்த இதே ரகம்தான். இரண்டாம் நிலை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழிக்கப்போன பொறியாளர், முதன்மை சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 ஓடிய இடத்தில் 9.2-இன் பேக்கப் கருவி ஓடி, தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நிலையின் நகல்) வைத்துத்தான் மீண்டார்கள். நடந்ததை முழுசாக வெளியில் எழுதினார்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதைப் படித்ததிலிருந்து, ஃப்ளஷ் அடிக்கும் முன் பேக்கப்பை வேறொரு டேட்டாபேஸில் ஏற்றி, உறுப்பினர் டேபிளில் எத்தனை வரி வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.